பாழாகும் பலகை யார் கணக்கில்?

1972-ஆம் ஆண்டில் நான் எட்டாம் வகுப்பு படித்த உயர்நிலைப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் 'கைத்தொழில்' வகுப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அக்காலத்தில் சில பள்ளிகளில் நெசவு கற்பித்தார்கள். சிலவற்றில் தக்ளியில் நூல் நூற்க வைத்தார்கள். எங்கள் பள்ளியில் தச்சு. வகுப்பறைகளுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையில் நான்கைந்து இழைப்புளிகளும், சில உளிகளும், ரம்பங்களும் இருந்தன. சாணம் மெழுகிய மண் தரை.

என்ன செய்யப் போகிறாய் என்று ஒவ்வொரு மாணவரையும் கேட்டு ஆசிரியர் குறித்துக்கொள்வார். நான் ஸ்டூல் என்றேன். சில வாரங்கள் கழித்து நான்கு கால்களையும் பொருத்தி நிறுத்தியபோது அது ஆடியது. நீளமாகத் தெரிந்த காலைச் சிறிது அறுத்தேன். வேறு பக்கம் ஆடியது. அந்தக் காலையும் அறுத்தேன். ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கிய ஸ்டூல் ஓரடிக்கும் கீழே வந்துவிட்டது. அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர், ரம்பம் பிடிக்கும்போது இடக்கை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. கடைசியில் அருகே வந்து, "ஏண்டா, ஆடுறது ஸ்டூலா, தரையான்னு பாத்தியா?" என்று கேட்டார். சிமென்ட் போட்ட வராந்தாவுக்கு எடுத்துச் சென்று வைத்தேன். அங்கே புதிதாக வேறு விதத்தில் ஆடியது. மண் தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பவே நான் கால்களை அறுத்திருந்தேன்.

பின்னாளில் கல்லூரியில் பொருளியல் கற்பித்தபோது, அடிப்படை ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் குறியீட்டெண் முழுவதும் எப்படிக் கோணலாகிவிடும் என்பதை விளக்க நேர்ந்த ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மண் தரைதான் நினைவுக்கு வந்தது. ஆனால், பொருளியல் படித்தவனுக்கு இயல்பாக எழ வேண்டிய வேறொரு கேள்வி வெகுகாலம் கழித்தே எழுந்தது. நான் வீணாக்கிய மரத்தின் விலையை யார் ஏற்றார்கள்? ஒரு வகுப்பு மாணவர்கள் அத்தனை பேரும் பாழாக்கிய பலகைகளுக்கு யார் கணக்குச் சொன்னார்கள்? தடுத்திருக்கக்கூடிய ஆசிரியர் ஏன் தடுக்கவில்லை?

பள்ளிகளில் கைவேலையை மீண்டும் கொண்டுவருவது குறித்து இப்போது நிறையப் பேசப்படுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் புத்தகப் பையின்றிப் பத்து நாள்கள் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் பயில வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைக்கிறது. தமிழகத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. குலக்கல்வி திரும்புகிறது என்று கூறப்பட்டது. ஆதரிப்பவர்கள் திறன் மேம்பாடு என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் பிறப்புவழித் தொழில் என்கிறார்கள். எந்தத் தொழில், எந்த வயதில் என்பதைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. அந்த வகுப்புக்குள் முடிவெடுப்பவர் யார் என்பது பேசப்படுவதே இல்லை. என்ன செய்வது, எப்படிச் செய்வது, எங்கே தவறு நேர்ந்தது, எப்போது போதும் என்று நிறுத்துவது ஆகிய முடிவுகளை மாணவரே எடுத்தால் அது கல்வி. அவற்றை வேறொருவர் எடுத்து மாணவரின் கையை மட்டும் பயன்படுத்தினால் அதற்குக் கூலி வேலை என்று பெயர். கூலி மட்டும்தான் தரப்படுவதில்லை.

இந்த வேறுபாட்டை முதலில் கூர்மையாக உணர்ந்தவர்கள் வட ஐரோப்பியர்கள். பின்லாந்தின் மக்கள் பள்ளிகளில் 1866-ஆம் ஆண்டிலேயே கைவினை கட்டாயப் பாடமாயிற்று. அதற்குக் காரணமாக இருந்தவர் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளர். அவரைப் பின்பற்றி சுவீடனில் ஓட்டோ சாலமன், நேஸ் என்ற ஊரில் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நடத்தினார். 'ஸ்லாய்டு' எனப்பட்ட அம்முறையைக் கற்கப் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கு சென்றனர். தச்சர்களை உருவாக்குவது தம் நோக்கமன்று என்பதில் சாலமன் தெளிவாக இருந்தார். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு மாணவரும் தம் வேகத்தில் முன்னேற வேண்டும். செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும். மாணவர் செய்துகொண்டிருக்கும் பொருளில் ஆசிரியர் கை வைத்துத் திருத்தக் கூடாது என்பவை அவர் வகுத்த நெறிகளுள் சில. கடைசியாகச் சொன்னதைப் பின்பற்றுவது எவ்வளவு கடினம் என்பது, பிள்ளையின் வீட்டுப்பாடப் படத்தைத் தாமே வரைந்து கொடுத்த பெற்றோர் அனைவருக்கும் தெரியும்.

ஏறத்தாழ அதே காலத்தில் மாஸ்கோவில் விக்டர் டெல்லா-வோஸ் நேரெதிரான ஒரு முறையை உருவாக்கினார். தொழிலைச் சிறு சிறு பயிற்சிகளாகப் பிரித்து, எளியதிலிருந்து கடியதற்கு வரிசைப்படுத்தி, ஒரே ஆசிரியர் பெரிய குழுவுக்கு ஒரே நேரத்தில் கற்பிப்பது அவர் முறை. மாணவர் செய்வது முழுமையான பொருள் அன்று. ஒரு மூட்டு, ஒரு துளை, ஒரு பொருத்து, அவ்வளவே. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் இதைக் கண்ட அமெரிக்கக் கல்வியாளர்கள் வியந்துபோனார்கள். செலவு குறைவு, மேற்பார்வை எளிது, மதிப்பெண் இடுவதும் எளிது. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவர் தொடக்கத்தில் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சமதளமாக்கவும் சதுரமாக்கவும் வேண்டியிருப்பதில் அந்த மரபின் சாயல் இருக்கிறது. தொழிலாளரை உருவாக்க அம்முறை தேவைதான். நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால், பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு அது என்ன கற்பிக்கும்?

இந்தக் கேள்விக்கு என் துறையில் ஒரு விடை உண்டு. கென்னத் ஆரோ 1962-இல் வெளியிட்ட, செய்து கற்றல் குறித்த கட்டுரை பொருளியல் மாணவர்கள் அனைவரும் அறிந்தது. சுவீடனின் ஹோர்ண்டால் இரும்பாலையில் பதினைந்து ஆண்டுகள் புதிய முதலீடு ஏதும் செய்யப்படாமலேயே தொழிலாளரின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு உயர்ந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அனுபவமே ஒரு முதலீடு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால், அதே கட்டுரையில் அவர் சொன்ன மற்றொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு சிக்கலைத் தீர்க்க முயலும்போதுதான் கற்றல் நிகழ்கிறது. ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதிலிருந்து கிடைக்கும் கற்றல் வேகமாகக் குறைந்துவிடுகிறது என்பதே அது. ஒரே பொருத்தை நாற்பது முறை செய்யும் மாணவர் நாற்பது மடங்கு கற்பதில்லை. ஆடும் ஸ்டூல் ஒன்றுடன் போராடும் மாணவர் ஒரே மாதத்தில் அதைவிடக் கூடுதலாகக் கற்றுவிடக்கூடும்.

சாலமனின் முறையும் முழுமையானதன்று. அவரது மாணவர்கள் தம் வேகத்தில் வேலை செய்தார்கள் என்றாலும், எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு முன்கூட்டியே வரையறுத்த மாதிரிப் பொருள்களின் வரிசை ஒன்று இருந்தது. பின்லாந்து பிற்காலத்தில் அதையும் கடந்தது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் கைவினை என்பது ஒரு முழுச் செயலாக வரையறுக்கப்பட்டுள்ளது. எண்ணத்தைக் கண்டடைவது, வடிவமைப்பது, பொருளைத் தேர்வது, செய்வது, செய்ததை மதிப்பிடுவது ஆகிய எல்லாமே மாணவரின் பொறுப்பு. தைத்தல் பெண்களுக்கு, மரவேலையும் உலோக வேலையும் ஆண்களுக்கு என்ற பழைய பிரிவினையும் இல்லை. இரண்டும் சேர்ந்த ஒரே பாடம் எல்லாருக்கும். நம் பள்ளிகளில் தையல் வகுப்பு என்றாலே மாணவிகள் என்று நாம் எண்ணிப் பழகியிருப்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் கைத்தொழில் கல்வியைப் பற்றிப் பேசும்போது காந்தியடிகளைத் தவிர்க்க முடியாது. 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. அதை நடத்திய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றியவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தொழிலை இயந்திரம்போலக் கற்பிக்காமல், ஒவ்வொரு செயலுக்கும் காரணம் என்ன என்று விளக்கிக் கற்பிக்க வேண்டும் என்றே காந்தியடிகள் வற்புறுத்தினார். ஆனால், அவருடைய திட்டத்தில் மற்றோர் எதிர்பார்ப்பும் இருந்தது. மாணவர்கள் செய்யும் பொருள்களை விற்று வரும் வருவாய், ஆசிரியரின் ஊதியத்துக்கேனும் ஈடாக வேண்டும் என்பதே அது. ஏழை நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தர அரசிடம் பணம் இல்லாத நிலையில் எழுந்த எதிர்பார்ப்பு. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. எனினும், பொருளியலறிஞர் கே.டி. ஷா அன்றே இதை ஏற்கவில்லை.

என் கருத்தில், ஆதாரக் கல்வியின் உயிர்நாடி அறுந்தது இந்த இடத்தில்தான். செய்த பொருளை விற்றாக வேண்டும் என்றால் அது விலைபோகும் தரத்தில் இருக்க வேண்டும். தரம் வேண்டுமென்றால் தவறு நேரக் கூடாது. தவறு நேரக் கூடாதென்றால் எல்லாரும் எளிதான, ஒரே மாதிரியான வேலையைச் செய்ய வேண்டும். தக்ளி ஏன் அவ்வளவு பள்ளிகளில் பரவியது, தச்சும் உலோக வேலையும் ஏன் அந்த அளவுக்குப் பரவவில்லை என்பதற்கு இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. பிழையான நூலைப் பிரித்துப் பஞ்சாக்கிக்கொள்ளலாம். தவறாக அறுத்த பலகையை ஒட்ட முடியாது. தவறின் விலையை மாணவரின் உழைப்பிலேயே கழிக்க வேண்டும் என்ற கணக்கு நுழைந்தவுடன் மாணவரின் விருப்பம் வெளியேறிவிடுகிறது.

அடுத்து வந்தது 1953. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று கூறி எதிர்த்தார். அரசியல் கொந்தளிப்பில் 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இவை எல்லாரும் அறிந்தவை. பள்ளிகள் போதாத நிலையில், இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்ற சிக்கனக் கணக்கும் அத்திட்டத்துக்குப் பின்னால் இருந்தது. கணக்கு எப்படி இருந்தாலும், சலவைத் தொழிலாளியின் மகள் எந்தத் தொழிலைக் கற்பாள் என்ற முடிவு அவள் பிறந்த அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. தேர்வு என்பது அதில் துளியும் இல்லை. அந்த எதிர்ப்பு சரியானது என்றே இன்றும் நான் கருதுகிறேன். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்காமல் நடைமுறைப்படுத்த இயலாது என்று 2024-இல் தமிழக அரசு கூறியதும் அந்த நினைவின் தொடர்ச்சியே.

ஆனால், அந்த எதிர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் கோணலாகிவிட்டது. பிறப்பால் திணிக்கப்படும் தொழில் கூடாது என்பது மெல்ல மெல்ல, கை அழுக்காகும் கல்வியே கூடாது என்றாயிற்று. கைத்தொழில் ஆசிரியர்கள் ஓய்வு பெற்றபோது அவர்களுக்குப் பின் ஆள் வரவில்லை. கொட்டகைகள் பழைய பெஞ்சுகளை அடுக்கும் இடமாயின. குலக்கல்விக்கு உண்மையான மாற்று, உளியைப் பள்ளியிலிருந்து அகற்றுவதன்று. குயவர் வீட்டுப் பெண் மின்சுற்று அமைக்கவும், வங்கி மேலாளர் வீட்டுப் பையன் களிமண் பிசையவும், இருவரும் தாங்களே தேர்ந்து அதைச் செய்யவும் இடமளிப்பதே மாற்று.

அப்படி நடக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பன்னாட்டு நிறுவனமொன்றில் அறிவியலராகப் பணியாற்றிய முனைவர் கல்பாக், 1983-இல் புணே அருகே பாபல் என்ற வறண்ட கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமத்தை நிறுவினார். அது வகுத்த அடிப்படைத் தொழில்நுட்பப் பாடம் மகாராஷ்டிரத்தின் பல உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவியது. வாரத்தில் ஒரு நாள் முழுவதும் வேலைக்கூடத்தில். பட்டறை வேலை, ஆற்றல், வீடும் உடல்நலமும், வேளாண்மை என எல்லா மாணவரும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரே தொழிலில் ஒருவரை அடைப்பதில்லை. கற்பிப்பவர்களில் உள்ளூர்க் கைவினைஞர்களும் உண்டு. மாணவர்கள் ஊருக்கோ பள்ளிக்கோ உண்மையில் தேவைப்படும் ஒன்றைச் செய்து தருவார்கள். செய்வதற்கு முன் செலவையும் கணக்கிடுவார்கள். இதிலும் பணம் வருகிறது. ஆனால், ஆசிரியரின் ஊதியம் அதை நம்பியில்லை. இந்தச் சிறு வேறுபாடுதான் பெரிய வேறுபாடு.

தன்வழிக் கற்றல் என்றவுடன் மாணவரை அவர் போக்கில் விட்டுவிடுவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். வேலைக்கூடத்தில் அப்படி விட முடியாது. விட்டால் விரல் போய்விடும். உளியின் முனைக்கு எதிரே கை இருக்கக் கூடாது என்பதில் எந்த மாணவருக்கும் விருப்பத் தேர்வு கிடையாது. கருவியைப் பிடிக்கும் முறையை ஆசிரியர் செய்து காட்டியே தீர வேண்டும். அதன் பிறகுதான் அவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். முப்பது பேர் முப்பது வேலைகளில் இருக்கும்போது ஒவ்வொருவரும் எங்கே சிக்கியிருக்கிறார் என்று அறிந்து, விடை சொல்லாமல் சரியான கேள்வியை மட்டும் கேட்பதற்கு, கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிடப் பன்மடங்கு உழைப்பும் தொழிலறிவும் தேவை.

அத்தகைய ஆசிரியருக்கு நாம் என்ன தருகிறோம்? அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், கட்டடக் கலை, தோட்டக்கலை போன்ற பாடங்களுக்காக 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நிரப்பப்பட்டன. வாரத்துக்கு மூன்று அரை நாள்கள் பணி. ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது என்றாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். வாழ்க்கை நிச்சயமற்ற ஓர் ஆசிரியர், மாணவர் பாழாக்கும் பொருளுக்குப் பொறுப்பேற்கத் துணிவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பணமிருக்கும் இடத்திலும் நிலைமை வேறுவிதமாகவே பழுதுபட்டிருக்கிறது. 2016-இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்கப்படுகிறது. நோக்கம் சிறந்தது. நான் சென்று பார்த்த ஒரு பள்ளியில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் மீது உறை போர்த்தப்பட்டிருந்தது. மின்னணுப் பெட்டிகள் அலமாரியில் பூட்டியிருந்தன. "பசங்க உடைச்சிருவாங்க சார், ஆடிட்ல யாரு பதில் சொல்றது?" என்றார் பொறுப்பாசிரியர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளில் ரோபோ வகுப்பு நடக்கிறது. அங்கே மாணவர்கள் பெட்டியில் வந்த பாகங்களை, கூடவே வந்த தாளில் உள்ளபடி பூட்டுகிறார்கள். எல்லா ரோபோவும் ஒரே மாதிரி ஓடுகிறது. 1870-களின் மாஸ்கோ முறைதான், பொருள்தான் மாறியிருக்கிறது.

மதிப்பெண் எப்படி இடுவது என்ற கேள்வியும் எழும். செய்துமுடித்த பொருளுக்கு மட்டும் மதிப்பெண் என்றால், வீட்டில் அப்பாவோ கடையில் ஆசாரியோ செய்து கொடுத்தது பள்ளிக்கு வந்துவிடும். மாணவர் வைத்திருக்கும் வேலைக் குறிப்பேட்டைப் பார்க்கலாம். முதலில் வரைந்த படம், போட்ட செலவுக் கணக்கு, எங்கே பிசகியது, பிறகு என்ன மாற்றினார் என்பவை அதில் இருக்க வேண்டும். பிசகே நேராத குறிப்பேட்டைத்தான் ஐயத்துடன் பார்க்க வேண்டும். நம் அறிவியல் செய்முறை ஏடுகளில் எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் முதல் முயற்சியிலேயே சரியாக வந்திருக்கும்.

நேரமும் ஒரு தடை. நாற்பது நிமிடப் பாடவேளையில் கருவிகளை எடுத்துவைக்கப் பத்து நிமிடம், திரும்ப அடுக்கிப் பெருக்கப் பத்து நிமிடம் போனால் மீதி இருபது. அதில் யாரும் எதையும் யோசிக்க முடியாது. வாரத்துக்கு ஓர் அரை நாள் தொடர்ச்சியாகத் தர முடியாவிட்டால் இந்த வகுப்பைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். எங்கள் தச்சு ஆசிரியர் சனிக்கிழமைகளில் ஊரிலிருந்த மரம் அறுக்கும் ஆலைக்குச் சென்று, அவர்கள் விறகுக்கு ஒதுக்கும் துண்டு மரங்களைச் சாக்கில் கட்டி சைக்கிளில் கொண்டுவருவாராம். உடன் படித்த நண்பர் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் சொல்லித்தான் எனக்கு இது தெரியவந்தது. பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறிய மரத்தை நாங்கள் தொட்டதே இல்லை. நாங்கள் பாழாக்கியதெல்லாம் பதிவேட்டில் ஏறாத மரம். அதனால்தான் அவரால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது.

ஒவ்வோர் ஆசிரியரையும் சாக்குடன் ஆலைக்கு அனுப்ப முடியாது. ஆனால், அறிவியல் ஆய்வகத்தில் செலவாகும் அமிலத்தையும் உடையும் சோதனைக் குழாயையும் ஏற்றுக்கொள்ளும் தணிக்கை, கைத்தொழில் கூடத்தில் பாழாகும் பலகையையும் எரிந்துபோகும் மின்னணுப் பாகத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள பொருள் கற்றலில் கழிவாகும் என்று முன்கூட்டியே நிதி ஒதுக்கி, இருப்புப் பதிவேட்டில் அதற்கென ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டால், பூட்டிய அலமாரிகள் பலவும் திறக்கும். இதற்குச் சட்டத் திருத்தமோ புதிய கல்விக் கொள்கையோ தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையும் நிதித் துறையும் சேர்ந்து வெளியிடும் ஒரு சுற்றறிக்கை போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).